நாட்டை ஆள்பவர் யார்?
1974-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பொதுத் தேர்தல்

பொதுத் தேர்தலில் மக்கள் முன் வைக்கப்படும் பிரச்சினைகள் பலவாகும். விலைவாசி, வீட்டு வசதி, வரி, கல்வி, வெளிநாட்டு உறவு ஆகிய யாவும் ஒன்றாகக் கலந்தே வாக்காளரிடம் வந்து சேரும். ஒரு பிரதம மந்திரி இவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் மக்களிடம் கேட்டு, ‘இதற்கு விடை தாருங்கள்’ என்று தேர்தலுக்குச் செல்லுவது அருமை. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி திரு. எட்வர்ட் ஹீத் அவ்வாறு சென்றார். ‘இந்நாட்டை ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கமா, அல்லது தொழிற்சங்கமா?’ என்பதே அவர் கேட்ட கேள்வி. மக்கள் அளித்த விடையோ இரு பெருங்கட்சிகளுக்கும் விளங்காத விடையாக இருந்தது.

இத்தேர்தலின் வேர் நிலக்கரியில் இருக்கிறது. அக்காலத்தில் பிரிட்டனின் மின்சார நிலையங்களிற் பெரும்பாலானவை நிலக்கரியைக் கொண்டே இயங்கின. சுரங்கங்கள் யாவும் 1947-ஆம் ஆண்டிலேயே அரசுடைமை ஆக்கப்பட்டிருந்தமையால், சுரங்கத் தொழிலாளருக்குக் கூலி கொடுப்பது இறுதியில் அரசாங்கத்தின் பொறுப்பே. 1972-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்கள் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1926-ஆம் ஆண்டிற்குப் பிறகு நிகழ்ந்த முதல் நாடளாவிய சுரங்க வேலைநிறுத்தம் அதுவே. ஏழு வாரங்களில் திரு. ஹீத்தின் அரசாங்கம் பணிந்தது. வில்பர்போர்ஸ் பிரபுவின் விசாரணைக் குழு பெரிய கூலி உயர்வைப் பரிந்துரைத்தது. அந்தத் தோல்வியின் வடு ஆளும் கன்சர்வேடிவ் கட்சியினரின் நெஞ்சில் ஆறாமலே இருந்தது. பின்னால் நிகழ்ந்தவற்றை இதை மனத்திற்கொண்டே படிக்க வேண்டும்.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. எண்ணெய் உற்பத்தி நாடுகள் உற்பத்தியைக் குறைத்து விலையையும் ஏற்றின. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் அரிதானவுடன் நிலக்கரியின் மதிப்பு உயர்ந்தது. அதை வெட்டி எடுப்பவரின் பேரம் பேசும் வலிமையும் உயர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் சுரங்கத் தொழிலாளர் சங்கம் மிகைநேர வேலையை நிறுத்தியது. ‘மிகைநேரந்தானே, அதனால் என்ன?’ என்று நம்மில் சிலர் கேட்கக் கூடும். சுரங்கத்தில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், பாதுகாப்பு வேலைகளும் வார இறுதியில் மிகைநேரமாகவே நடைபெறும். அவை நடவாதபோது வாரத்தின் முதல் நாளன்று சுரங்கத்தில் இறங்கினாலும் உடனே கரி வெட்ட இயலாது. அந்த நாளின் ஒரு பகுதி பழுது பார்ப்பதிலேயே கழிந்துவிடும். ஆகவே தொழிலாளர் தம் வழக்கமான கூலியை இழக்காமலே உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது. மறுநாளே அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. திரு. ஹீத்தின் ஆட்சிக் காலத்தில் அது ஐந்தாவது அவசர நிலை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அடிக்கடி அடிக்கப்படும் மணிக்கு ஓசை குறைவு!

டிசம்பர் 13-ஆம் நாள் பிரதம மந்திரி வெளியிட்ட அறிவிப்புத்தான் நாட்டை உலுக்கியது. புத்தாண்டு முதல், தொழிற்சாலைகளும் வாணிக நிலையங்களும் வாரத்தில் தொடர்ந்த மூன்று நாட்களுக்கு மட்டுமே மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்பது கட்டளை. மருத்துவமனை, உணவுக்கடை, செய்தித்தாள் அச்சகம் போன்ற இன்றியமையாதவற்றுக்கு விலக்கு உண்டு. தொலைக்காட்சி இரவு 10.30 மணிக்கு நின்றுவிடும். சாலையில் வண்டிகள் மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓடக் கூடாது. அலுவலகங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்கு எழுதினார்கள். பெட்ரோல் பங்கீட்டுச் சீட்டுகள் அச்சாகி மக்களிடம் வழங்கப்பட்டன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த நேரவில்லை. மின்சாரத்தைச் சேமிக்க இருட்டிலேயே பல் துலக்கலாமே என்று ஓர் அமைச்சர் யோசனை சொல்ல, நாடே நகைத்தது. போர்க்காலத்தில் இருட்டடிப்பைக் கண்ட தலைமுறை அப்போதும் உயிரோடு இருந்தது. அமைதிக் காலத்தில், நிலத்தடியிலே கரி நிறைந்து கிடக்கும் நாட்டில், மீண்டும் இருட்டு ஏன் என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை.

அரசாங்கம் ஏன் இணங்கவில்லை? பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தத் திரு. ஹீத் கூலி உயர்வுக்குச் சட்டப்படி வரம்பு வகுத்திருந்தார். அதன் மூன்றாம் கட்டம் 1973 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கூலி உயர்வு நூற்றுக்கு ஏழு என்ற அளவை ஒட்டியே இருக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளருக்கு அதைவிடக் கூடக் கொடுத்தால் இரயில்வே ஊழியரும் மின்சார ஊழியரும் வரிசையாக வந்து நிற்பர்; கட்டிய அணை உடைந்துவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் 1974 ஜனவரியில் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு வழி காட்டியது. சுரங்கத் தொழிலாளரைத் தனி வகையினராகக் கொண்டு அவர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால், பிற சங்கங்கள் அதை முன்மாதிரியாகக் காட்டித் தம் பேரத்திற்குப் பயன்படுத்தமாட்டா என்று அது கூறியது. அச்சொல்லை நம்பலாமா என்ற ஐயத்தால் அரசாங்கம் அதைத் தள்ளிவிட்டது. எம் கருத்தில் இத்தகராற்றின் திருப்புமுனை இதுவே. அன்று அவ்வழியைச் சோதித்துப் பார்த்திருந்தால் இழப்பதற்கு அதிகம் இல்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளரிடையே வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 81 பேர் முழு வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். பிப்ரவரி 7-ஆம் நாள் திரு. ஹீத் தேர்தலை அறிவித்தார். நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. உண்மையில் அவருடைய சகாக்களில் சிலர், தேர்தலை அந்தப் பிப்ரவரி 7-ஆம் நாளன்றே நடத்திவிட வேண்டும் என்று ஜனவரியிலேயே வற்புறுத்தினார்கள். அவர் தயங்கினார். சமரசம் காண வேண்டும் என்பதே அவர் மெய்யான விருப்பமாக இருந்தது. போருக்குப் புறப்பட்டவர் பாதி வழியில் சமாதானத்தை நினைத்து நின்றமையால், இரண்டும் கைகூடாமற் போயின.

தேர்தல் பிரசாரம் மூன்று வாரம் நடந்தது. ஒரே கேள்வி அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்காது. எதிர்க்கட்சித் தலைவரான திரு. ஹரால்ட் வில்சன் அக்கேள்விக்கு விடையளிக்க முயலாமல், விலைவாசியைப் பற்றியே பேசினார். உணவுப் பொருள்களின் விலை, வீட்டுக் கடன் வட்டி என்று இல்லத்தரசிகளின் கணக்கு நோட்டைத் திறந்து வைத்தார். தொழிற்சங்கங்களோடு இணக்கமான உடன்பாடு தமக்கே உண்டு என்றார். இடையில் அரசாங்கத்துக்கு அடிமேல் அடி விழுந்தது. சுரங்கத் தொழிலாளர் பிற ஆலைத் தொழிலாளரைவிடக் கூடுதலாகவே சம்பாதிக்கிறார்கள் என்று அதுவரை சொல்லப்பட்டிருந்தது. அதற்கு மாறாக அவர்கள் குறைவாகவே பெறுகிறார்கள் என்று காட்டும் கணக்கு ஊதியக் குழுவிடமிருந்து பிரசாரத்தின் நடுவில் வெளிப்பட்டது. ‘அப்படியானால் இத்தனை துன்பமும் தவறான கணக்கினாலா?’ என்று மக்கள் வினவினர். வாக்குப்பதிவிற்கு மூன்று நாள் முன்பு வெளிவந்த வெளிநாட்டு வாணிகப் புள்ளிவிவரம் பெரும் பற்றாக்குறையைக் காட்டியது. மறுநாள், முதலாளிகளின் சம்மேளனத் தலைமை நிர்வாகியே, அரசாங்கத்தின் தொழில் உறவுச் சட்டம் நீக்கப்பட வேண்டியதே என்று பேசிவிட்டார்.

இன்னொரு அடி சொந்த வீட்டிலிருந்தே வந்தது. குடியேற்றத்தை எதிர்த்து 1968-இல் பேசிய பேச்சினால் பெயர் பெற்ற திரு. ஈனாக் பவல், கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் இம்முறை நிற்கமாட்டேன் என்று அறிவித்தார். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் 1973-இல் சேர்ந்ததை அவர் கடுமையாக எதிர்த்தவர். அந்த உடன்படிக்கையை மறுபடி பேசி முடிவு செய்வதாகத் தொழிற் கட்சி வாக்களித்திருந்ததால், அதற்கே வாக்களியுங்கள் என்று மறைமுகமாகக் கூட அல்ல, வெளிப்படையாகவே குறிப்புணர்த்தினார்.

பிப்ரவரி 28-ஆம் நாள் குளிரில் நூற்றுக்கு 78-க்கு மேற்பட்ட வாக்காளர் வாக்களித்தனர். 1970-இல் அது 72. கன்சர்வேடிவ் கட்சி பெற்ற வாக்குகள் 1 கோடியே 18 இலட்சத்து 72 ஆயிரம்; தொழிற் கட்சி பெற்றவை 1 கோடியே 16 இலட்சத்து 46 ஆயிரம். வாக்கில் முந்தியது ஆளும் கட்சி. ஆனால் இடங்களில், தொழிற் கட்சிக்கு 301, கன்சர்வேடிவ் கட்சிக்கு 297. மொத்தம் 635 இடங்களில் பெரும்பான்மைக்கு 318 வேண்டும். யாருக்கும் அது இல்லை. 1929-க்குப் பிறகு பிரிட்டன் இத்தகைய நிலையைக் கண்டதில்லை. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் தொகுதியில் தொழிற் கட்சி வேட்பாளர் வென்றது மூன்றே வாக்குகளில்!

லிபரல் கட்சியின் கணக்கு இன்னும் வியப்பானது. அக்கட்சி 60 இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்று, 14 இடங்களை மட்டுமே அடைந்தது. வகுத்துப் பார்த்தால் தொழிற் கட்சிக்கு ஓரிடத்திற்குச் சுமார் 39 ஆயிரம் வாக்குகள். லிபரல் கட்சிக்கு ஓரிடத்திற்கு 4 இலட்சத்து 33 ஆயிரம். ஒரு தொகுதியில் 100 பேர் வாக்களிக்க, மூவர் 38, 37, 25 என்று பெற்றால் 38 பெற்றவரே உறுப்பினர். மற்ற 62 வாக்குகளுக்கும் மன்றத்தில் குரல் இல்லை. நாடு முழுவதும் பரவலாக ஆதரவு பெற்று எத்தொகுதியிலும் முதலிடம் பெறாத கட்சியை இம்முறை நசுக்கிவிடும். மலேசியா பிரிட்டனிடமிருந்து பெற்றுக்கொண்டதும் இதே முறையே. வகுப்பில் சதவீதக் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 1951-இல் தொழிற் கட்சி அதிக வாக்குப் பெற்றும் ஆட்சியை இழந்தது. அன்று ஆதாயம் அடைந்தவர்கள் 1974-இல் அதே முறையால் அடிபட்டார்கள்.

நிற்க. பத்திரிகைகள் அன்று அதிகம் கவனிக்காத வட அயர்லாந்தில்தான் முடிவு உண்மையில் தீர்மானமாயிற்று என்று கூறலாம். அங்குள்ள யூனியனிஸ்ட் உறுப்பினர்கள் நெடுங்காலமாக வெஸ்ட்மின்ஸ்டரில் கன்சர்வேடிவ் கட்சியோடு சேர்ந்தே இயங்கி வந்தனர். இரு சமூகத்தாரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிர்வாகம் ஒன்றைத் திரு. ஹீத் அங்கே அமைத்தார். 1974 ஜனவரி முதல் நாள் அது பதவியேற்றது. அவருடைய ஆட்சியின் பெருமைக்குரிய செயல்களில் அது ஒன்று. ஆனால் இரண்டு மாதத்திற்குள் தேர்தல் வந்தது. அந்த ஏற்பாட்டை எதிர்த்த யூனியனிஸ்டுகள் ஒன்று சேர்ந்து நின்று 12 இடங்களில் 11-ஐக் கைப்பற்றினர். 297-உடன் 11-ஐக் கூட்டினால் 308. பழைய உறவு நிலைத்திருந்தால் மன்றத்தில் மிகப் பெரிய அணி திரு. ஹீத்தினுடையதாகவே இருந்திருக்கும். நிலக்கரிக்காக நடத்திய தேர்தல் அயர்லாந்தில் அவர் நட்ட இளஞ்செடியை மிதித்துவிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் யூனியனிஸ்ட் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் அந்த நிர்வாகம் கவிழ்ந்தது. அதன் பின் அங்கு அத்தகைய ஏற்பாடு மீண்டும் மலர 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெரும்பான்மை இழந்த பிரதம மந்திரி உடனே பதவி விலக வேண்டுமா? எழுதப்பட்ட அரசியல் சட்டம் இல்லாத நாட்டில் மரபே சட்டம். 1923-ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும்பான்மை இழந்த திரு. பால்ட்வின், 1924 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தோற்ற பிறகே விலகினார். 1929-இல் அவரே உடனே விலகினார். ஆகவே இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. திரு. ஹீத் வார இறுதி முழுவதும் பதவியிலிருந்தபடியே லிபரல் தலைவர் திரு. ஜெரமி தார்ப்பை அழைத்துப் பேசினார். தேர்தல் முறையைச் சீர்திருத்த ஓர் ஆய்வு மாநாடு கூட்டலாம் என்றார். சீர்திருத்தமே செய்வோம் என்று உறுதி கூறவில்லை. லிபரல் கட்சியினருக்கு அது போதவில்லை. மேலும் 297-ம் 14-ம் சேர்ந்தாலும் 311 தானே? மார்ச் 4-ஆம் நாள் மாலை திரு. ஹீத் பதவி விலக, திரு. வில்சன் சிறுபான்மை அரசாங்கத்தை அமைத்தார்.

புதிய அரசாங்கம் சில நாட்களுக்குள் சுரங்கத் தொழிலாளருடன் உடன்பாடு கண்டது. மார்ச் 11-ஆம் நாள் அவர்கள் வேலைக்குத் திரும்பினர். மூன்று நாள் வாரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மறுபடியும் பொதுத் தேர்தல் நடந்து, தொழிற் கட்சி 319 இடங்களுடன் மூன்றே இடப் பெரும்பான்மை பெற்றது. 1975 பிப்ரவரியில் கன்சர்வேடிவ் கட்சி திரு. ஹீத்தைத் தலைமையிலிருந்து நீக்கி, அவரது அமைச்சரவையில் கல்வி மந்திரியாக இருந்த திருமதி மார்கரெட் தாட்சரைத் தேர்ந்தெடுத்தது. பிரதம மந்திரியான பின், சுரங்கத் தொழிலாளரோடு மோத நேரும் முன்னரே மின்சார நிலையங்களில் கரியைக் குவித்து வைத்துக்கொண்டார் அவ்வம்மையார். 1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. அப்போது வீடுகளில் விளக்கு அணையவில்லை. தொழிலாளரே உடன்பாடு ஏதுமின்றிச் சுரங்கங்களுக்குத் திரும்பினார்கள்.