மன்னார்க் கடலடி வாயு

கல்முனை அடுக்களைகளுக்கு உருளையில் வருவது பெற்றோலிய வாயு. இயற்கை வாயு வேறு. அது பெரும்பாலும் மெதேன். 2011ஆம் ஆண்டில் மன்னார்க் கடலடியில், டொராடோ, பராகுடா என்னும் கிணறுகளில் கெயர்ன் கம்பனியார் அதனைக் கண்டனர். 2015இல் அவர்கள் விலகினர். வாயு இன்னும் கரை சேரவில்லை.

இடையே காலநிலைக் கொள்கை வந்தது. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தியாற் பெறுவதென்றும், புதிய நிலக்கரி நிலையம் அமைப்பதில்லையென்றும் 2021இல் இலங்கை உறுதிகூறியது. பின்னையது வாயுவுக்கு அனுகூலமே. எரியும்போது அது வெளிவிடும் கரியமிலவாயு, நிலக்கரியினதில் ஏறத்தாழப் பாதிதான். முன்னையதோ அதன் சந்தையைச் சுருக்குகிறது. எஞ்சும் 30 பங்கிலும் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் பங்கு கேட்கும்.

மஃரிபுக்குப் பின் கூரைமேற் சூரியத் தகடு ஓய்ந்துவிடும். அவ்வேளைக்கு வாயு நன்கு உதவும். ஆயினும், நாளிற் சில மணி நேரமே கொள்வோரை நம்பி ஆழ்கடலிற் பெருமுதல் இட யார் துணிவர்? அச்சில மணி நேரத்துக்கும் இப்பொழுது மின்கலத் தொகுதிகள் போட்டிக்கு வருகின்றன.