கிரீன்ஸ்லீவ்ஸ்: பின்கட்டில் ஒரு எட்டு!

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ராஜா, தன் காதலி ஆன் பொலினுக்காக உருகி உருகிப் போட்ட மெட்டாம் 'கிரீன்ஸ்லீவ்ஸ்'. கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? வாருங்கள், திரையை ஓரமாக விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்போம். அடடா, ராஜாவையே காணோம்! முட்டி மோதிக்கொண்டு நிற்பதெல்லாம் லண்டன் பதிப்பாளர்கள்.

1580 செப்டம்பர் 3. பதிப்பாளர் சங்கப் பதிவேட்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ், 'கிரீன்ஸ்லீவ்ஸ்' எனும் பச்சைக் கை அங்கிச் சீமாட்டியைப் பற்றிய புதுப் பாட்டைப் பதிகிறார். அதே நாளில் எட்வர்ட் ஒயிட் வந்து, அந்தச் சீமாட்டியே சொல்லும் பதில் பாட்டைப் பதிகிறார்! மை காயவில்லை, அதற்குள் எசப்பாட்டு! 15-ம் தேதி, வேதாகமத்துக்குத் தக்கபடி மாற்றிய பக்திப் பதிப்பு ரெடி. அடுத்த பிப்ரவரியில் வில்லியம் எல்டர்டன் என்ற பாட்டுக்காரரின் கண்டனப் பாட்டு வேறு.

இத்தனை வேகம் எப்படி? அந்தக் காலத்துத் தெருப்பாட்டுத் தாளில் ஸ்வரம் பெரும்பாலும் இருக்காது. 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலைப்பில் ஒரு வரி, கீழே பாட்டு, அவ்வளவுதான். விற்கிறவனே தெருவில் பாடிக் காட்டிவிடுவான். மெட்டுக்குச் சொந்தக்காரன் கிடையாது, கிடைத்தவன் எடுத்துக்கொண்டான்.

பாட்டைத்தான் பாருங்களேன்! 1584-ல் வந்த தொகுப்பில் முழுசாக இருக்கிறது. கைவிடப்பட்ட காதலன் அழுவான் என்று பார்த்தால், ஐயா கணக்கு வாசிக்கிறார். பாவாடை வாங்கித் தந்தேன், நகை தந்தேன், சிவப்புப் பட்டுக் காலுறை தந்தேன், ஊசி வைக்கும் பெட்டிகூடத் தந்தேன்... ஒரு ராஜா இப்படியா சில்லறைக் கணக்கு பார்ப்பார்?

ஹென்றி இறந்ததோ 1547-ல். மெட்டின் அடியில் ஓடும் 'ரொமனெஸ்கா' என்ற கீழ்ஸ்வர (பேஸ்) வரிசை இத்தாலிச் சரக்கு. அது இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்ததே அவர் காலத்துக்குப் பிறகுதான் என்கிறார்கள் இசை ஆய்வாளர்கள். கேஸ் தள்ளுபடி!

பிறகு மெட்டுக்கு ஒரே ஊர்சுற்றல். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் இந்த மெட்டில் வானம் இடிக்கட்டும் என்று கத்துகிறான். 1728-ல் 'பெகர்ஸ் ஆபரா'வில், தூக்குக்குக் காத்திருக்கும் திருடன் மக்ஹீத் இதில் பாடுகிறான். 1871-ல் அதே மெட்டு, சமர்த்தாகக் கிறிஸ்துமஸ் கீதப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாட்டு 'வாட் சைல்ட் இஸ் திஸ்'. பாதிரியார்களுக்குப் பூர்வீகம் தெரியுமோ, என்னவோ!

இன்னொரு ரகசியம். இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் புகழ்பெற்ற 'ஃபாண்டசியா ஆன் கிரீன்ஸ்லீவ்ஸ்' கேட்டிருப்பீர்கள். அதன் நடுப்பகுதி கிரீன்ஸ்லீவ்ஸே அல்ல. 'லவ்லி ஜோன்' என்ற வேறொரு நாட்டுப்பாடல்.

இன்றைக்கு இங்கிலாந்துத் தெருக்களில் ஐஸ்கிரீம் வண்டிகள் இதை ஒலித்துக்கொண்டு வருகின்றன. அதற்கும் அரசு நெறிமுறை இருக்கிறது: ஒரு தடவைக்கு 12 விநாடிதான்.