மரத்துப்போகும் விரல்கள்: தாங்கியா, கத்தியா?

பிள்ளைகள் வகுப்பறையில் தமிழ் பயிலும் வேளையில், வெளியே காத்திருக்கும் பெற்றோராகிய நம்மிடையே அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. நள்ளிரவில் விரல்கள் மரத்து, ஊசி குத்துவதுபோல் உறுத்த, எழுந்து உட்கார்ந்து கையை உதறியதைப் பற்றிய பேச்சு அது. "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அதனைத் தள்ளிப்போடுவதும் நம் வழக்கம். அவ்வழக்கம் தகுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

மணிக்கட்டின் உட்புறத்தில் குறுகிய குகை போன்ற பாதை ஒன்று உள்ளது. எலும்புகள் அதன் தரையும் சுவரும். உறுதியான நார்ப்பட்டை அதன் கூரை. அதனூடே ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகின்றன, சுண்டுவிரல் தப்பிவிடுகிறது. இதுவே 'கார்ப்பல் டனல்' நோய். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, மூட்டுவாதம், கருவுற்ற காலம், அதிரும் கருவிகளை நெடுநேரம் பிடித்து வேலை செய்தல் ஆகியன இதற்கு இடந்தருகின்றன. நீரிழிவு மிகுந்த வளைகுடா நாடுகளில் வாழும் நாம் இதனை அறிந்திருப்பது நன்று.

நோய் தொடக்க நிலையிலிருப்பின் அறுவை தேவைப்படுவதில்லை. மணிக்கட்டை வளையாமல் நேராக நிறுத்தும் தாங்கியை இரவுதோறும் சில வாரங்கள் அணிவதே முதற்படி. ஸ்டீராய்டு ஊசி விரைவில் நிவாரணம் தரும். எனினும் பலருக்குச் சில மாதங்களில் தொல்லை திரும்புகிறது. கருவுற்ற தாய்மாருக்குப் பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தானே தணிந்துவிடும்.

அறுவையில், அக்கூரையாகிய நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடமளிக்கின்றனர். கையை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். இலகுவான வேலைக்குச் சில நாட்களில் திரும்பலாம். பளு தூக்குவோருக்குப் பல வாரங்கள் ஆகும். தழும்பில் வலியும், அரிதாக நரம்புக் காயமும் நேரக்கூடும்.

இவ்விரண்டில் எது சிறந்தது? நெதர்லாந்தில் 176 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வில், 18 மாதங்களுக்குப் பின் அறுவை பெற்றோரில் 90 விழுக்காட்டினரும், தாங்கி அணியும்படி பணிக்கப்பட்டோரில் 75 விழுக்காட்டினரும் நலம் பெற்றனர். பின்னவருள் ஒரு பகுதியினர் இடையில் அறுவையை நாடியவர்கள் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். அறுவையின் பலன் மிகுதியே. ஆயினும் தாங்கியால் மட்டுமே குணமடைந்தோரும் பலர்.

ஆகவே, கேள்வி 'தாங்கியா, கத்தியா' என்பதன்று. 'எந்த நிலையில் எது' என்பதே. இரவில் மட்டும் மரத்தால் தாங்கி போதும். பகலிலும் உணர்வு திரும்பாதிருந்தால், சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல்கள் தடுமாறினால், கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தால், காத்திருத்தல் கேடு. நெடுநாள் நசுங்கிய நரம்பு, அறுவைக்குப் பின்னும் முழுமையாக மீளாது போகலாம்.

விடுப்பு எடுத்தால் வேலைக்கு ஊறு நேருமோ என்ற அச்சமே நம்மவரைத் தடுக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் முடித்த தனியார் துறை ஊழியர் ஆண்டுக்கு 90 நாட்கள் வரை நோய் விடுப்புப் பெறலாம். முதல் 15 நாட்களுக்கு முழு ஊதியம், அடுத்த 30 நாட்களுக்கு அரை ஊதியம், எஞ்சியவற்றுக்கு ஊதியமில்லை. நோயுற்ற செய்தியை மூன்று வேலை நாட்களுக்குள் மருத்துவச் சான்றுடன் தெரிவித்தல் வேண்டும். காப்பீட்டில் அறுவைக்கு முன் அனுமதி தேவையா என்பதையும் கேட்டறிதல் நலம்.

குடும்பத்தைக் காக்கக் கடல் கடந்து வந்தவை இக்கைகள். ஊர்ப் பயணம் வரை காத்திராமல், அவை மரத்துப்போகும்போதே அவற்றைக் காப்போமாக.