புயற்காலத்தில் கிணற்றைக் காத்தல்

ஐப்பசியில் மாரி தொடங்குகின்றது. வங்காள விரிகுடாவிலே தோன்றும் சூறாவளிகள் இலங்கையை அணுகுவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயாகும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த புயலையும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைவித்த புயலையும் நேயர்கள் அறிவர்.

காற்று ஓரிரவில் அடங்கிவிடும். அது கெடுத்துச் சென்ற நீரோ பல வாரங்களுக்கு நோயை விளைவிக்கும். ஆதலால், கூரையை இறுக்கிக் கட்டுவோர் கிணற்றையும் காத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கடமை இருமடங்காகும். அங்கு நிலத்தின் கீழுள்ளது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளினூடாக வளவிற் சிந்தியது விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடையும்.

முதலாவதாக, பூச்சிகொல்லி, மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய் என்பவற்றை இறுக மூடி, உணவுப் பொருள்களுக்கு அப்பால், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். நஞ்சிருந்த கலங்களிற் குடிநீரைச் சேமித்தலாகாது. குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லீற்றர் நீர் தேவை. ஐவருள்ள வீட்டிற்கு மூன்று நாளைக்கு 45 லீற்றராகும். அதனைப் புயலுக்கு முன்னரே தூய கலங்களில் நிரப்பி மூடிவைக்கலாம். கூரைமேற் சாயும் கிளைகளைத் தறித்தால் போதும். காற்றைத் தடுக்கும் மரத்தையே வீழ்த்த வேண்டுவதில்லை. சிரட்டை, பழைய டயர் முதலியவற்றை அகற்றினால் நுளம்பு பெருகாது.

புயல் ஓய்ந்தபின் நீரைக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் இடுவிக்கலாம். கடலோரக் கிணற்றை இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழுள்ள உவர்நீர் மேலெழும். எண்ணெயோ பூச்சிகொல்லியோ கலந்த நீரைக் கொதிக்கவைத்தாலும் நஞ்சு நீங்காது. அக்கிணற்று நீரை அறவே தவிர்த்தல் வேண்டும். மின்பிறப்பாக்கியையும் கரியடுப்பையும் மூடிய அறையில் இயக்கினால், மணமற்ற நச்சுவாயு உயிரைப் போக்கும். ஒதுங்கிய பொலித்தீனை எரித்தலும் நன்றன்று. அதன் புகை அயலவர் மூச்சிற் கலக்கும்.

வேலி நிலத்தின் மேலேயே வளவுகளைப் பிரிக்கின்றது. கீழே ஓடும் நீருக்கு வேலியில்லை. ஒரு வீட்டார் மூடாது விட்ட நஞ்சை அடுத்த வீட்டுக் குழந்தை பருக நேரலாம். வானம் தெளிந்திருக்கும் இந்நாட்களிலேயே இவ்வேலைகளை முடித்துக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.