கைமுறுக்கும் கைப்பேசியும்

முன்னாளில் நம் ஊர்ப்புறங்களில் டூரிங் கொட்டகை இருந்த காலத்தில், படம் தொடங்குமுன் ஜவுளிக்கடை, மூக்குப்பொடிக்கடை, வைத்தியசாலை ஆகியவற்றின் விளம்பரச் சிலைடுகளை வெண்திரையில் காட்டுவது வழக்கம். அதற்கும் வசதியில்லாதவர் தண்டோராவோடு நிறுத்திக்கொள்வார். சிறு வியாபாரிக்கு வாய்த்த விளம்பரம் அவ்வளவே. இன்றோ, மும்பையில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடி அடுப்பங்கரையிலிருந்து, காசு செலவின்றி, ஒரு நகரத்துக்கே தம் பண்டத்தைக் காட்டிவிடலாம் என்ற நிலை வந்திருக்கிறது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓடும் குறுங்காணொளிகளைத்தான் சொல்கிறோம்.

2016-ஆம் ஆண்டிற்குப் பின் கைப்பேசி இணையம் மலிவாயிற்று. 2020 ஜூனில் டிக்டாக் செயலியை இந்திய அரசு தடை செய்தது. அவ்வாண்டிலேயே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. வரலாறு இது போதும். இவற்றால் நம் குடும்பங்களுக்கு விளைந்தது என்ன என்பதே நம் கேள்வி.

செம்பூரில் வசிக்கும் ஓர் அம்மையாரை நாம் அறிவோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பச்சரிசி மாவும் உளுத்தமாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, அச்சு எதுவுமின்றி விரலாலேயே முறுக்கி, ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று கைமுறுக்குச் சுற்றுவதில் வல்லவர். 2021-இல் மகனுக்கு வேலை போயிற்று. வீட்டுக்கடனுக்கோ மாதத் தவணை நிற்கவில்லை. அதுவரை விசேஷ வீடுகளுக்குச் செய்து கொடுத்த முறுக்கே குடும்பத்தின் வருவாயாயிற்று. மருமகள்தான் காணொளி எடுக்கலாம் என்றாள்.

"இந்த வயதில் என்னைச் சினிமாவில் நடிக்கச் சொல்கிறாயா, கண்ணு?" என்றாராம் அம்மையார்.

"முகமே வேண்டாம் அத்தை. உங்கள் கை மட்டும் போதும்" என்றாள் மருமகள்.

அது எவ்வளவு நல்ல யோசனை என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. மாவு விரலிடையே முறுகிச் சுருளாவதைக் காணும் எவரும் கண்ணை எடுக்கமாட்டார். இக்காணொளிகளில் முதல் இரண்டு மூன்று விநாடிகளே முக்கியம்; அதற்குள் மனம் பற்றாவிடில் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஆகவே வணக்கம் சொல்லி, பிள்ளையாரைக் காட்டி, கடைப்பெயரைச் சொல்லித் தொடங்குவது இங்கே பயன்படாது. சுற்றும் கையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மற்றவை எளியவை. கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து, பகல் வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தில் எடுத்தால் போதும். அடுப்பங்கரைக் கைப்பேசியின் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். முதலில் அதைத் துடைக்க வேண்டும். மருமகள் இதை மறந்ததால் முதல் நான்கு காணொளிகள் மூடுபனியில் எடுத்தவை போலிருந்தன! சினிமாப் பாட்டைச் சேர்க்கும் ஆசையை அடக்குவது நலம். வியாபாரக் கணக்கில் பாட்டுகளைப் பயன்படுத்த உரிமைக் கட்டுப்பாடுகள் உண்டு. எண்ணெயில் முறுக்கு பொரியும் ஓசையைவிட நல்ல சங்கீதமும் வேறில்லை. ஆயினும் பலர் ஒலியை அடக்கிவைத்தே பார்ப்பதால், விலை, எடை, இருப்பிடம், ஆர்டர் பெறும் நாள் ஆகியவற்றை எழுத்தில் காட்டியாக வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது? நம்மவர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அவ்வீட்டில் முதலில் தமிழிலேயே எழுதினார்கள். ஒரு காணொளியை லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். வீட்டார் அன்றிரவு உறங்கவில்லையாம். ஆனால் பாராட்டியவர் கோயமுத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தனர். வாங்கியவர் மூவரே. பின்னர் "செம்பூர்" என்ற இடப்பெயரைப் போட்டு, மராத்தியிலும் இந்தியிலும் இரண்டு வரி எழுதிய காணொளியைச் சில நூறு பேரே பார்த்தனர். அவர்களில் பலர் நடந்து வரும் தூரத்தில் இருந்தவர்கள். மராத்தியர் வீட்டுச் சக்லி, வறுத்த தானியங்களின் மாவில் மிளகாய் சேர்த்துச் செய்யப்படுவது. "இதென்ன, காரமில்லாத வெள்ளைச் சக்லி?" என்று கேட்டுக்கொண்டு வந்த அண்டை வீட்டார் இன்று மாதந்தோறும் வாங்குகின்றனர். பார்த்தவர் தொகையைக் கண்டு மயங்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தீபாவளியின் கதை. பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு காணொளி நகரெங்கும் பரவிற்று. நூற்றுப்பத்துக் கிலோவுக்கு ஆர்டர் வந்தது, முன்பணமும் பெற்றுக்கொண்டார்கள். அம்மையாரின் கைக்கோ நாளொன்றுக்கு மூன்று கிலோதான் இயலும். கணக்குப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. இரு பெண்களை அமர்த்தி, அச்சில் பிழிந்து, கைமுறுக்கு என்ற பெயரிலேயே அனுப்பினார்கள். அவசரத்தில் சில டப்பாக்கள் சூடு ஆறுமுன்னரே மூடப்பட்டு நமுத்தும் போயின. இருபதாண்டு வாடிக்கையாளரான ஒரு முதியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, இது உங்கள் கை இல்லையே" என்று மட்டும் சொன்னாராம்.

அம்மையார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பெயர்ப்பட்டியலை எடுத்துவைத்து, அச்சு முறுக்குப் பெற்ற அனைவருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். தவணை நாள் நெருங்கியிருந்தது. மகன் தடுத்துப் பார்த்தார். "கையைக் காட்டித்தானே காசு வாங்கினோம்?" என்பதே பதில். ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போயிற்று. மூன்று மாதம் காணொளி ஏதும் வெளிவரவில்லை. இதை அசட்டுத்தனம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

உணவுப்பண்டம் விற்போர் வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து, அந்தப் பதினான்கு இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். காணொளி பரவினால் எத்தர்களும் வருவர். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பெரிய ஆர்டர் கொடுத்து, "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்பவன் எடுக்க வந்தவன். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அவ்வீட்டுக் காணொளிகள் இப்போது மீண்டும் வருகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும், "வாரம் பதினைந்து கிலோ மட்டும்" என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறது. அளவு தீர்ந்ததும் மருமகள் ஆர்டரை மூடிவிடுகிறாள். வளையல் திரும்பிவிட்டது. இக்கட்டுரைக்காகச் சென்ற வாரம் போயிருந்த நாம், விடைபெறும்போது கால் கிலோ கேட்டோம். அடுத்த சனிக்கிழமைக்குத்தான் என்று சொல்லி, நம் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.