வயலுக்கு மேலே உள்ள வானத்துக்கும் முறை வைக்கலாமா?

சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டால் மருந்தடிக்க ஆள் தேடணும். தஞ்சாவூர்ப் பக்கம் அதுதான் பெரும்பாடு. அதனால் ட்ரோனுக்கு மவுசு கூடியிருக்கு. பத்து லிட்டர் தொட்டி, பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயரம், பத்து நிமிஷத்துக்குள் ஒரு ஏக்கர். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. ஆக, இனி இவை கூடத்தான் செய்யும்.

ஆனால் அதே தஞ்சாவூரில்தான் விமானப்படைத் தளமும் இருக்கு. பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 படைப்பிரிவு 2020 ஜனவரியில் இங்கே வந்தது. ஒரே வானம், இரண்டு தேவை.

2021 ட்ரோன் விதிகள் வானத்துக்கு மூன்று நிறம் பூசின. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேணும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே பச்சை, அதற்கு மேலே மஞ்சள். 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். முன்பு மஞ்சள் 45 கிலோமீட்டர் வரை இருந்தது என்பதையும் சொல்லணும்.

சரி, தென்னை மர உயரம்கூடப் போகாத ட்ரோனுக்கு எதுக்கு அனுமதி? தளத்துக்குப் பக்கத்தில் விமானங்கள் தாழ்வாக இறங்கும், ஏறும். கட்டுப்பாடு இழந்த ட்ரோன் மேலே போய்விட்டால் ஆபத்து. அவ்வளவு சின்னப் பொருள், அவ்வளவு தாழ்வில், ரேடாரில் சரியாகத் தெரியாது. அதில் பேச விமானியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாததுக்கு அதிகாரி யோசிக்காமல் சரி சொல்ல முடியுமா? ஆனால் அனுமதி வரும்வரை புழு காத்திருக்காது.

இதுக்காகத்தான் 2021 அக்டோபரில் ஆளில்லா விமானங்களுக்கான தனிப் போக்குவரத்து மேலாண்மைக் கொள்கை வெளியானது. ட்ரோன் தன் இருப்பிடத்தை இணையம் வழியே சொல்லிக்கொண்டே பறக்கும். பறக்கும் திட்டத்தை மென்பொருள் சரிபார்க்கும். அமெரிக்காவில் ஏற்கெனவே விமான நிலையத்தைச் சுற்றிய வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர வரம்பு வைத்திருக்காங்க. வரம்புக்குள் பறக்கக் கேட்டால் பெரும்பாலும் உடனே அனுமதி வந்துவிடும்.

டெல்டாவுக்கு இந்த யோசனை புதுசே இல்லை. தண்ணீர் குறைந்தால் வாய்க்காலில் முறை வைத்துத்தானே விடுறோம்? யாருக்கு, எந்த நேரம், எவ்வளவு என்று. வானத்துக்கும் அதே கணக்குதான்: எந்த வயல், எந்த நேரம், எத்தனை அடி. விமானம் பறக்காத காலை இரண்டு மணி நேரம், பத்து மீட்டருக்குள் என்றால் தளத்துக்கும் இடைஞ்சல் இல்லை, பயிரும் பிழைக்கும்.

நாளைக்கு மருந்து கொண்டுபோகும் ட்ரோனும் பறக்கும் டாக்சியும் இதே தாழ்வான வானத்துக்குத்தான் வரும். தூரத்தை மட்டும் அளக்கும் வரைபடம் அப்போது போதாது. நேரத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பங்கிடும் ஏற்பாட்டை, கூட்டம் சேரும் முன்பே செய்துவிடணும்.