நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலமேனி ஈப்பிடிப்பானும்

நீலகிரி ஈப்பிடிப்பான், நீலமேனி ஈப்பிடிப்பான் ஆகியவை யூமையாஸ் பேரினத்தைச் சேர்ந்த இரு நெருங்கிய உறவுப் பறவைகள். ஏறத்தாழச் சிட்டுக்குருவி அளவுடையவை. முன்னது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் அகணிய உயிரி. ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். பின்னது இமயமலையில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் தெற்கே வலசை வருவது. எனவே ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டும் ஒரே மலையில் இருக்கக்கூடும். குழப்பம் எழுவது அப்போதுதான்.

வேறுபாடுகள்

நீலமேனி ஈப்பிடிப்பானின் ஆண் பச்சை கலந்த வெளிர்நீலம். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலைப் பார்த்தவர்களுக்கு இந்நிறத்தை விளக்கத் தேவையில்லை. அலகுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள கருந்திட்டு தெளிவாகப் பிரிந்து தெரியும். நீலகிரி ஈப்பிடிப்பானின் ஆணோ அவுரி நீலம். நெற்றியும் புருவமும் சற்று ஒளிர்வாக இருக்கும், அடிவயிறு வெளுத்திருக்கும். உடலே அடர்நிறமானதால் முகத்தின் கருமை தனித்துத் தெரியாது.

காட்டின் நிழலில் நிறத்தை மட்டும் நம்புவது தவறு. அங்கே வெளிர்நீலமும் கருத்துத் தோன்றும். பெண் பறவைகள் இரண்டிலும் மங்கலானவை என்பதால் சிக்கல் இன்னும் கூடும். அப்போது வாலைப் பார்க்க வேண்டும். நீலகிரி ஈப்பிடிப்பானின் வாலடியில் இருபுறமும் சிறு வெண்திட்டுகள் உண்டு, மற்றதற்கு இல்லை. 1840இல் ஜெர்டான் இதற்குச் சூட்டிய 'அல்பிகாடேட்டா' என்ற இலத்தீன் பெயருக்கு வெண்வாலுடையது என்று பொருள். வால் முழுதும் வெண்மையாக இருக்கும் என்று எண்ணித் தேடுபவர் ஏமாறுவார். பறவை பறக்கும்போதோ கீழிருந்து நோக்கும்போதோதான் அத்திட்டுகள் புலப்படும்.

வாழிடம்

நீலமேனி ஈப்பிடிப்பான் மரவுச்சி, மின்கம்பி போன்ற திறந்த இடங்களில் அமர்ந்து, பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். நீலகிரி ஈப்பிடிப்பான் உயர்மலைச் சோலைக்காடுகளையும் அவற்றின் ஓரங்களையும் சார்ந்தது. பூச்சிகளோடு சிறு பழங்களையும் உண்ணும்.

பறவைப் பட்டியல் எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பதிய வேண்டும். வலசை வந்தவற்றை நீலகிரி ஈப்பிடிப்பான் என்று குறித்தால், சோலை அழிந்த இடத்திலும் அது வாழ்வதாகத் தவறான கணக்கு சேரும். சோலைகளை இழந்தால் அதற்குத் திரும்பிச் செல்ல ஓர் இமயமலை இல்லை.